முளைத்தது எத்தனை, விலைபோனது எத்தனை?



கடந்த சில வாரங்களாக நேரிலும் தொலைபேசியிலும் பலர் என்னிடம் ஒரே விடயத்தைக் கேட்டு வருகிறார்கள். "காக்கா, பாம் விதை சுறுக்கா முளைக்கிறதுக்கு ஒரு ஹோர்மோன் தூள் இருக்காமே, அத நம்பிப் போடலாமா? இளநித் தண்ணியில ஊறப் போட்டாலும் சரிவருமாமே?" என்பதுதான் அது. கேட்பவர்களில் பாதிப் பேர் தென்னம்பிள்ளை, கமுகு, அலங்காரப் பாம் என்று சிறிய தவறணை நடத்துபவர்கள். மீதிப் பேர் கையில் கொஞ்சம் முதலை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் இறங்கலாமா என்று யோசிப்பவர்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட இந்தப் பத்தியில் விபரமாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நான் விவசாய டிப்ளோமா எடுத்தவன் அல்ல. மூதூரில் பள்ளிக்கூடப் படிப்போடு கடைக்கு வந்தவன். ஆனால் இந்தத் தூளில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன். ஆகவே முதலில் என் நட்டத்தைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

எனக்கு நேர்ந்தது

2016ஆம் ஆண்டு. என் மருமகன் கட்டாரில் ஏழு வருடம் உழைத்துவிட்டு ஊருக்கு வந்திருந்தார். "மாமா, திரும்பப் போறதுக்கு மனமில்ல. இங்கயே ஏதாவது செய்வம்" என்றார். அந்த நேரம் நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் ஒரு ஒப்பந்தக்காரர் என் கடைக்கு வந்துபோவார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, பின்னர் மற்றப் பாலங்களும் வந்த பிறகு, மூதூரில் ஏற்றும் சாமான் லொறியிலேயே திருகோணமலைக்குப் போய்விடுகிறது. தோணியை நம்பிய காலம் போய்விட்டது. அவர் 500 அரேக்கா பாம் கன்றுகள் கேட்டார். ஒரு வருடம் தவணை.

கையெழுத்து ஒன்றும் இல்லை. வாய்ப்பேச்சுத்தான். ஆனால் வியாபாரியின் வாய்ப்பேச்சுக்கு ஒரு பெறுமதி உண்டல்லவா? மருமகனின் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து நிழல்வலை அடித்தோம், குழாய் இழுத்தோம், மணல் இறக்கினோம். விதை வாங்கினோம். யாரோ சொன்னார்கள் என்று கொழும்பிலிருந்து ஜிபரெலிக் அமிலத் தூளும் எடுப்பித்தோம். எவ்வளவு போடுவது என்று சரியாகத் தெரியாது. "கூடப் போட்டால் கூட முளைக்கும்" என்று நினைத்தேன். அதுதான் என் பிழை.

விதை முளைத்த வேகத்தைப் பார்த்து எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கன்றுகள் ஈர்க்குச்சி போல நெட்டையாக வளர்ந்து, தலையைத் தூக்க முடியாமல் சாய்ந்து கிடந்தன. கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் வரிசை வரிசையாக மடிந்தன. வேர் கொஞ்சம், தண்டு நீளம். தவணைக்கு வந்த ஒப்பந்தக்காரர் ஒரு கன்றைத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் கீழே வைத்தார்.

அப்போது என் மச்சான் ஒரு யோசனை சொன்னார். "குச்சி வெச்சுக் கட்டுவம் மச்சான். ரெண்டு மாசத்துக்கு நிக்கும். அதுக்குள்ள காசு கைக்கு வந்துரும். சந்தையில குடுத்தா யாரு வந்து கேக்கப் போறா?" உண்மையைச் சொல்வதானால் அன்றிரவு எனக்கும் அந்த எண்ணம் ஓடியது. மருமகன்தான், "வேண்டாம் மாமா. வாங்கினவன் நம்மட ஊர்ப் பேரச் சொல்லித்தான் ஏசுவான்" என்றார். தேறிய கன்றுகளைப் பொறுக்கியெடுத்தோம். மீதியை வேறு தவறணைகளில் விலைக்கு வாங்கி, நட்டத்தில் தவணையை நிறைவேற்றினோம். சாய்ந்த கன்றில் பிழைக்கக்கூடியவற்றைக் குறையைச் சொல்லியே அரை விலைக்குக் கொடுத்தோம்.

அதன் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடிப் படித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியதை முதல் போன பிறகு செய்தேன்.

இந்தத் தூள் எங்கிருந்து வந்தது?

இதன் கதை நெல் வயலில் தொடங்குகிறது. ஜப்பானில் நெல்லுக்கு ஒரு நோய் உண்டு. நோய் பிடித்த நாற்று மற்ற நாற்றுகளை விடச் சடாரென்று உயர்ந்து, வெளிறி, மெலிந்து, கதிர் தராமல் விழுந்துவிடும். அங்குள்ள விவசாயிகள் அதை "முட்டாள் நாற்று" என்ற கருத்தில் பெயரிட்டு அழைத்தார்கள். 1926இல் தாய்வானில் வேலை செய்த குரொசாவா என்ற ஜப்பானிய ஆய்வாளர், அந்த நோயை உண்டாக்கும் பங்கசு சுரக்கும் ஒரு பொருள்தான் நாற்றை இப்படி நெட்டையாக்குகிறது என்று காட்டினார். 1935இல் யபுட்டா என்பவர் அதற்கு ஜிபரெலின் என்று பெயர் வைத்தார். பங்கசின் இலத்தீன் பெயரான ஜிபரெல்லா என்பதிலிருந்து வந்த பெயர் அது. 1938இல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் செடிகளும் தமக்குள்ளே இதே பொருளைச் சிறிதளவில் உண்டாக்குகின்றன என்பது தெரிய வந்தது.

விதைக்குள் இது செய்யும் வேலை ஒரு சாவிக்காரனின் வேலை. விதையில் மாவும் எண்ணெயும் பூட்டிக் கிடக்கின்றன. ஜிபரெலின் வந்து "திற" என்று சொன்னால் நொதியங்கள் அந்த உணவைக் கரைத்துக் கருவுக்குக் கொடுக்கும். கரு நீண்டு வெளியே வரும். ஆனால் அளவு மிஞ்சினால் அதே பொருள்தான் "முட்டாள் நாற்றையும்" உண்டாக்குகிறது. என் தவறணையில் சாய்ந்து கிடந்தவை அந்த வயல் நாற்றின் உறவினர்தான் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

பாம் விதை ஏன் சுணங்குகிறது?

வியாதி தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது. தென்னை, பனை, கமுகு, பேரீச்சை, அலங்காரப் பாம் எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்து விதை முளைக்கச் சுணங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு.

முதலாவது, பழத்தின் சதை. பல பாம் பழங்களின் சதையில் முளைப்பைத் தடுக்கும் பொருட்கள் உள்ளன. சதையோடு போட்டால் விதை தூங்கும், பங்கசும் பிடிக்கும். இரண்டாவது, கெட்டியான ஓடு. தண்ணீர் உள்ளே போகச் சுணங்கும். மூன்றாவது, முற்றாத பழம். கரு முழுமையாக வளராமல் இருந்தால் எந்தத் தூளாலும் அதை முளைக்க வைக்க முடியாது. நான்காவது, பழைய விதை. நெல்லைக் காயவைத்து மூட்டையில் கட்டி வைப்பது போல எல்லாப் பாம் விதையையும் வைக்க முடியாது. தென்னையும் கமுகும் காய்ந்தால் கரு செத்துவிடும். அரேக்கா பாம் விதையும் வெறுமனே கிடந்தால் சில வாரங்களிலேயே உயிர் குறையத் தொடங்கும். ஐந்தாவது, சூடு போதாமை. பெரும்பாலான பாம் விதைகளுக்கு 29 முதல் 35 பாகை வரை சூடு பிடித்தமானது.

ஹோர்மோன் தொடுவது கருவின் தூக்கத்தை மட்டும்தான். இந்த ஐந்தும் நம் கையிலும் கண்ணிலும் இருப்பவை. அதிலும் சூடு என்பது அல்லாஹ் மூதூருக்கு இலவசமாகத் தந்தது. குளிர்நாட்டுக்காரன் மின்சாரம் கொடுத்துத் தட்டைச் சூடாக்குகிறான். நமக்கு அந்தச் செலவு இல்லை.

ஆராய்ச்சிகள் சொல்வது என்ன?

1980இல் ஹவாய் ஆய்வாளர்கள் அலெக்ஸாண்டர் பாம், மக்காத்தர் பாம் ஆகிய இரண்டின் விதைகளையும் ஓட்டைத் தேய்த்து ஜிபரெலிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தார்கள். அடியிலிருந்து சூடும் கொடுத்தார்கள். முளைப்பு விரைவாகியது. தூள் விற்பவர்கள் காட்டுவது இப்படியான முடிவுகளைத்தான். அது பொய்யல்ல. ஆனால் தேய்த்ததும் சூடு கொடுத்ததும் அந்தப் பரீட்சையின் பங்காளிகள் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

அதே தசாப்தத்தில் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் அரேக்கா பாம் விதைகளைக் கொண்டு பரீட்சித்தார்கள். முளைப்பு ஓரளவு முந்தியது. ஆனால் நாற்றுகள் அளவுக்கு மிஞ்சி நீண்டு, தம்மைத் தாமே தாங்க முடியாமல் போயின. அதனால் அங்குள்ள பாம் வளர்ப்போருக்கான வழிகாட்டிகள் இந்த ஊறவைப்பைச் சிபாரிசு செய்வதில்லை. என் தவறணையில் நடந்தது புளோரிடாவில் எனக்கு 30 வருடம் முன்பே நடந்து எழுதியும் வைக்கப்பட்டிருந்தது. நான்தான் படிக்கவில்லை.

இன்னொரு சாட்சி எண்ணெய்ப் பனை. இலங்கையில் 2021 ஏப்ரலில் இதன் புதிய செய்கை தடை செய்யப்பட்டது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அது பெரும் தொழில். கோடிக்கணக்கில் விதை முளைக்க வைக்கும் அந்தக் கம்பனிகளின் வழமையான முறை என்ன தெரியுமா? விதையைச் சுத்தம் செய்து, ஈரத்தை அளவோடு வைத்து, 39, 40 பாகைச் சூட்டில் இரண்டு மாதமளவில் வைத்திருந்து, பிறகு தண்ணீரில் ஊறவைப்பது. அவ்வளவுதான். அத்தனை பெரிய முதலாளிமாரே சூட்டையும் தண்ணீரையும்தான் முதலில் நம்புகிறார்கள்.

பேரீச்சம் விதையின் அதிசயம்

"2,000 வருடத்துப் பேரீச்சம் விதையையே ஹோர்மோன் போட்டு முளைக்க வைத்தார்களே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்மைதான். சாக்கடலோரம் மசாதா என்ற பழைய கோட்டையின் இடிபாடுகளில் கிடைத்த பேரீச்சம் விதை ஒன்று 2005இல் நடப்பட்டு முளைத்தது. 2020இல் அதே ஆய்வாளர்கள் அந்த வட்டாரத்துப் பழைய விதைகள் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை நட்டு, அவற்றில் 6 முளைத்ததாக அறிவித்தார்கள். தண்ணீரில் ஊறவைத்து, ஜிபரெலிக் அமிலத்திலும், வேர் ஹோர்மோனிலும், சேதன உரக் கரைசலிலும் வரிசையாக ஊறவைத்துத்தான் நட்டார்கள்.

ஆனால் இதில் ஒரு வியாபாரி பார்க்க வேண்டியது வேறு. ஒவ்வொரு விதையும் விலைமதிப்பற்றது என்பதால் எல்லா மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எந்த மருந்து வேலை செய்தது, வெறும் தண்ணீரிலேயே முளைத்திருக்குமா என்று அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அத்தோடு நாம் நோன்பு திறந்துவிட்டுப் போடும் பேரீச்சங்கொட்டை மருந்து எதுவும் இல்லாமல் குப்பையிலேயே முளைக்கிறது. பேரீச்சையில் நமக்குள்ள பிரச்சினை முளைப்பு அல்ல. விதையில் வந்த மரத்தில் ஏறக்குறைய பாதி ஆணாகிவிடும், மீதியிலும் தாயைப் போலப் பழம் வரும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் தோட்டக்காரர்கள் பக்கக்கன்றையோ இழைய வளர்ப்புக் கன்றையோ நடுகிறார்கள். காத்தான்குடிப் பிரதான வீதியில் காய்த்துக் குலுங்கும் பேரீச்சையைப் பார்த்துவிட்டுக் கொட்டையில் முதலைப் போடப் போகும் தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

நம்முடைய மூன்று பயிர்கள்

பனை: பனங்கொட்டைக்கு ஹோர்மோன் தேவையே இல்லை. எங்கள் உம்மா சம்பூர்ப் பக்கத்து அம்மாக்களிடம் பனங்கொட்டை வாங்கி வளவில் பாத்தி போட்டது எனக்கு நல்ல ஞாபகம். பழத்தைப் பிசைந்து களியை எடுத்த பிறகுதான் கொட்டை பாத்திக்குப் போகும். சதையை நீக்க வேண்டும் என்று இன்று புத்தகம் சொல்வதை அவர்கள் பனாட்டுக்காகச் செய்து வந்தார்கள். முளை ஒரு குழாய் போலக் கீழே இறங்கிக் கிழங்காகிறது. அதனால்தான் பாத்தியை உயர்த்திப் போடுகிறோம். கன்றுக்காக என்றால் பொலித்தீன் பையில் போட்டு மல்லுக்கட்டாமல், நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுவது நல்லது. ஆணா பெண்ணா என்பது பூ வரும்வரை, அதாவது 12, 15 வருடம் வரை தெரியாது. அதைச் சொல்லும் தூளும் இல்லை. பனை பற்றிய மேலதிக விபரங்களுக்கு 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை இருக்கிறது.

தென்னை: இதில்தான் மிக முக்கியமான பாடம் இருக்கிறது. நல்ல தாய்மரத்தில் முற்றிய காய், குலுக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் காய், அதுதான் விதைத்தேங்காய். தவறணையில் முந்தி முளைப்பதும் முந்தி இலை விடுவதும் வீரியமான பிள்ளை. பிந்தி முளைப்பதைக் கழிப்பார்கள். இந்தியாவின் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஆறு மாதத்துக்குள் முளைக்காத காயை அகற்றிவிடச் சொல்கிறது. அதாவது முளைக்கும் வேகம்தான் நமக்கு அரிதட்டு. நல்லது மேலே நிற்கும், நொய் கீழே விழும். மருந்து போட்டு எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் முளைக்க வைத்தால் அந்த அரிதட்டை நாமே கிழித்துவிடுகிறோம். நோஞ்சான் பிள்ளையும் வீரியப் பிள்ளையோடு சேர்ந்து லொறி ஏறும். வாங்கியவர் 60 வருடம் அந்த மரத்தோடு வாழ வேண்டும். ஆகவே தென்னைக்கு ஹோர்மோன் வேண்டாம் என்பது என் கருத்து. விதை பற்றிய ஆலோசனைக்கு லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

கமுகு: நன்றாகப் பழுத்த முழுப் பழத்தை, காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி, மணல் பாத்தியில் இரண்டு அங்குல இடைவெளியில் வைத்து, மேலே மணல் மூடினால் போதும். பாதி நிழல், தினமும் தண்ணீர். சுமார் 40 நாளில் முளைக்கத் தொடங்கும். மூன்று மாதமளவில், இரண்டு மூன்று இலை வந்ததும், பைக்கு மாற்றலாம். சதையை நீக்க வேண்டும் என்று மேலே சொன்ன விதிக்குக் கமுகு ஒரு விலக்கு. 40 நாளில் தானாக வருவதற்கு ஏன் தூளுக்குச் செலவழிக்க வேண்டும்?

ஆக, ஹோர்மோனைப் பற்றி யோசிக்கவே வேண்டியது மாதக்கணக்கில் சுணங்கும் சில அலங்காரப் பாம்களுக்கு மட்டும்தான். அரேக்கா பாம் என்று பெயர் இருந்தாலும் அது நமது பாக்குக் கமுகு அல்ல, மடகஸ்காரிலிருந்து வந்த வேறு மரம். நல்ல புதிய விதையாக இருந்தால் அதுவும் ஒன்றிரண்டு மாதத்தில் தானாகவே முளைக்கும்.

இயற்கைச் சேர்க்கைகள்

2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்ட மாதங்களில் "இயற்கை வளர்ச்சி ஊக்கி" என்ற பெயரில் விதவிதமான போத்தல்கள் என் கடைக்கே விற்பனைக்கு வந்தன. பலவற்றில் என்ன இருக்கிறது என்று லேபலில் எழுதியிருக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத சாமானை நான் தட்டில் வைக்கவில்லை. நீங்களும் வைக்க வேண்டாம்.

தெரிந்த பொருட்களைப் பார்ப்போம். இளநீரில் சைட்டோகைனின் என்ற வகை ஹோர்மோன்கள் இருப்பது நிரூபிக்கப்பட்ட விடயம். 1941லேயே ஆய்வுகூடத்தில் சிறிய கருக்களை வளர்க்க இளநீரைப் பயன்படுத்தினார்கள். இன்றும் இழைய வளர்ப்பில் அது பயன்படுகிறது. ஆனால் அங்கே எல்லாம் கிருமி நீக்கிய போத்தலுக்குள் நடக்கிறது. நம்முடைய வெயிலில் இளநீர் ஒரே நாளில் புளித்துவிடும். அதில் இனிப்பும் இருப்பதால் எறும்பும் பங்கசும் விருந்துக்கு வரும். பரீட்சிக்க விரும்பினால் அன்றைக்கு வெட்டிய இளநீரோடு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒரு இரவு மட்டும் ஊறவைத்து, நன்றாகக் கழுவிவிட்டு நடுங்கள்.

கடற்பாசிச் சாற்றிலும் இப்படியான ஹோர்மோன்கள் சிறிதளவில் உண்டு. ஆனால் அது விதையை விட வேர் விட்ட நாற்றுக்குத்தான் பொருத்தம் என்பது என் அனுபவம். மாட்டுச்சாணக் கரைசல் ஒட்டியிருக்கும் சதையை அழுகச் செய்து கழற்ற உதவும். அதற்குப் பிறகு கழுவாமல் விட்டால் கருவையும் அழுகச் செய்யும். சாம்பல் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. அதில் விதையை ஊறப்போட வேண்டாம்.

இவை எல்லாவற்றிலும் மலிவானதும் நம்பகமானதும் வெறும் தண்ணீர்தான். சதை நீக்கிய அலங்காரப் பாம் விதையைச் சுத்தமான தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றினால், முளைப்பைத் தடுக்கும் பொருட்களில் பெரும்பகுதி கரைந்து போய்விடும். மாற்றாமல் விட்டால் விதை தன் கழிவிலேயே கிடக்கும்.

அப்படியும் தூள் போட விரும்புவோருக்கு

நான் சொல்லியும் சிலர் போடத்தான் போகிறார்கள். அவர்கள் என் பிழையைச் செய்யாமல் இருக்க வேண்டும்.

லேபலில் உள்ள வீதத்தைப் பாருங்கள். ஆய்வுகளில் சொல்லப்படும் 1,000 பிபிஎம் என்பது ஒரு லீற்றருக்கு ஒரு கிராம் சுத்தமான ஜிபரெலிக் அமிலம். பைக்கற்றில் 20 வீதம் என்று இருந்தால் ஒரு கிராமுக்கு 5 கிராம் தூள் தேவை. 90 வீதம் என்று இருந்தால் ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடுதலே போதும். இதைப் பார்க்காமல் கரண்டிக் கணக்கில் போட்டதுதான் என் நட்டத்தின் ஆரம்பம். 1,000 பிபிஎம் என்பது பரீட்சையின் மேல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100, 250 என்று குறைவாகத் தொடங்குங்கள்.

சுத்தத் தூள் தண்ணீரில் இலேசில் கரையாது. முதலில் மிகச் சிறிதளவு ஸ்பிரிட்டில் கரைத்துப் பிறகு தண்ணீரில் ஊற்ற வேண்டும். கையுறை போடுங்கள். அன்றன்று கலக்கிய கரைசலையே பாவியுங்கள்.

முழு முதலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒரே மரத்தில் ஒரே நாளில் எடுத்த விதையில் நூறு நூறாக நான்கு பங்கு பிரியுங்கள். ஒன்று வெறும் தண்ணீர். ஒன்று ஓட்டை இலேசாகத் தேய்த்துத் தண்ணீர். ஒன்று இளநீர். ஒன்று தூள். நான்கையும் ஒரே மணலில், ஒரே நிழலில் வைத்து வாரம் ஒருமுறை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். முளைத்ததோடு எண்ணுவதை நிறுத்தாதீர்கள். விற்பனைக்கு எடுக்கும் நாள்வரை எண்ணுங்கள்.

விதை வாங்கும்போதே பத்து விதையை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெண்மையாக, கெட்டியாக, கரு நிறைந்திருந்தால் வாங்கலாம். சுருங்கி, நிறம் மாறி, மணம் வந்தால் மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள். தண்ணீரில் மிதப்பதெல்லாம் பதர் என்று சொல்லும் விதியை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். தேங்காயை அப்படிச் சோதித்தால் ஒரு காயும் மிஞ்சாது!

இன்னொரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கிறது என்று தென்மாகாணத்திலிருந்து தென்னம்பிள்ளையோ பாம் கன்றோ ஏற்றிவர வேண்டாம். 2006இல் வெலிகமைப் பகுதியில் கண்டறியப்பட்ட தென்னை ஓலை வாடல் நோய் பரவாமல் இருக்க, அங்கிருந்து இப்படியான கன்றுகளை வெளியே கொண்டுசெல்லக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. எங்கிருந்து ஏற்றுவதானாலும் முதலில் தெங்கு பயிர்ச்செய்கைச் சபை உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு லொறி இலாபத்துக்காகக் கிழக்கின் தென்னைக்கு நோயை விலைகொடுத்து வாங்கக் கூடாது.

கணக்கைப் பார்ப்போம்

வியாபாரிக்குக் கணக்கைச் சொன்னால்தான் விளங்கும். இது உதாரணத்துக்காக நான் போடும் கணக்கு. உங்கள் ஊர் விலையை வைத்து நீங்கள் போட்டுப் பாருங்கள்.

ஆயிரம் விதை. தூள் போடாமல் 600 முளைத்தது, அதில் 540 தேறியது என்று வையுங்கள். கன்று 150 ரூபா என்றால் 81,000 ரூபா. இன்னொரு ஆயிரம் விதை. தூள் போட்டு 700 முளைத்தது, ஆனால் நெட்டையாகிச் சாய்ந்து 450 மட்டும் தேறியது. 67,500 ரூபா. அதிலும் தூளுக்கு 3,000 கழித்தால் 64,500. நூறு விதை கூட முளைத்தும் கைக்கு வந்தது 16,500 ரூபா குறைவு! முளைக்காத விதையில் போனது விதைக்காசு மட்டும். முளைத்துச் சாய்ந்த கன்றில் விதைக்காசோடு பை, மண், தண்ணீர், கூலி, மாதக்கணக்கில் நிழலடியில் பிடித்த இடம் எல்லாம் போகிறது. சாகிற விதையை விடச் சாய்கிற கன்று நமக்குச் செலவு கூடியது.

ஆகவே அடுத்த முறை யாராவது உங்களிடம் "இத்தனை வீதம் முளைக்கும்" என்று தூளையோ போத்தலையோ விற்க வந்தால், "அதில் எத்தனை விலைபோனது?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணப்பையை மூடிவிடுங்கள். அந்தக் காசில் நல்ல மரத்தின் புதிய பழத்தைக் கூட விலை கொடுத்து வாங்குங்கள். முதலில் விதை, பிறகு சுத்தம், பிறகு தண்ணீர், பிறகு சூடும் நிழலும். ஹோர்மோன் கடைசி வரிசையில் நிற்க வேண்டியது. பெரும்பாலும் அதன் முறை வருமுன்னரே வேலை முடிந்துவிடும்.

அந்த ஒப்பந்தக்காரருக்கு என்ன ஆனது என்று நீங்கள் கேட்கலாம். நட்டத்தில் தவணையை நிறைவேற்றியதைப் பார்த்தவர், அடுத்த வருடம் திரும்பவும் மருமகனிடமே வந்தார். அந்த முறை நல்ல மரத்துப் பழம், கையால் கசக்கிக் கழுவிய விதை, மூன்று நாள் தண்ணீர், ஆற்றுமணலும் தும்புத்தூளும் கலந்த பாத்தி, மேலே ஈரச் சாக்கு. அவ்வளவுதான். முளைக்கக் கொஞ்சம் சுணங்கியது. ஆனால் கச்சான் வீசியபோது கன்றுகள் நின்றன. அல்ஹம்துலில்லாஹ், மருமகன் அதற்குப் பிறகு கட்டாருக்குப் போகவில்லை.

அடுத்த வாரம் தவறணைக்குப் பொலித்தீன் பை, நிழல்வலை போன்றவற்றைக் கொள்முதல் செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.